மல்லிகை உருண்டை

பகலில் மட்டுமே மீன்பிடிக்கலாம் என்று போர்க்கால ஊர்காவற்றுறைக் கடற்கரையில் உத்தரவு. இரவில் களவாகக் கடலுக்குப் போன ஜெகதீஸ் விடியும்போது வீடு திரும்பினான். தெருமுனையில் வண்டியோடு சிப்பாய்கள் நின்றார்கள். பிடிபட்ட எவரும் இதுவரை திரும்பியதில்லை.

"எல்லாற்ற கையையும் மணந்து பாக்கிறாங்களாம். கெதியாக் குளியுங்கோ!" என்றாள் மனைவி மேரிசுகந்தி. அப்பச்சோடாவும் சித்திரிக் அமிலமும் மல்லிகை எண்ணெயும் சேர்த்துத் தானே பிடித்த குளியல் உருண்டையை வாளிக்குள் போட்டாள். தண்ணீர் பொங்கி நுரைத்தது.

"என்னடியப்பா, மாப்பிள்ளைக் குளிப்போ?"

"பகிடி விடாமல் தேயுங்கோ!"

ஒரு சிப்பாய் வீட்டுக்கு வந்து அவன் கைகளை முகர்ந்தான். மீன் வாடையே இல்லை. மேரிசுகந்தி மனதுக்குள் மாதாவுக்கு நன்றி சொன்னாள்.

சிப்பாய் சிரித்தான்.

"இந்த ரோட்டில எல்லார் கையும் நேற்றைய மீன் நாத்தம். விடிஞ்ச உடனே கழுவினது நீ மட்டும். ஏறு வண்டியில."