பொட்டு வைத்த சிப்

புதிய ப்ராசசரை மாட்டிய பிறகும் கம்ப்யூட்டர் பழையபடியே திணறியது.

கவிநேசனுக்கு ஒன்றும் புரியவில்லை. திரையில் துப்பாக்கியோடு படியேறிக்கொண்டிருந்தவன் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றான். மறுபடி அசைந்தபோது செத்துக் கிடந்தான்.

"என்னலா கவி, சிப் மாத்திட்டேன்னு சொன்னே? மாட்டு வண்டியில வர்ற மாதிரி வர்ற!" ஹெட்போனுக்குள் காளிதாஸ் கத்தினான்.

"மாத்திட்டேன்லா. சத்தியமா."

"நாலு மணிக்கு ப்ராக்டிஸ் மேட்ச். அதுக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா வசந்தன உள்ள போட்ருவேன். அப்புறம் மூஞ்சத் தூக்காத."

காளிதாஸ் குருபோங்கில், தன் வீட்டில் இருந்தான். அவர்கள் ஆன்லைனில் ஆடும் அணிக்கு அவன்தான் தலைவன். போட்டிக்குப் பெயர் கொடுக்க இன்றைக்குத்தான் கடைசி நாள். ஐந்தாவது ஆள் மட்டும் முடிவாகவில்லை.

கவிநேசனின் கைவேகத்தைப் பற்றி யாருக்கும் குறையில்லை. குறையெல்லாம் கம்ப்யூட்டரைப் பற்றித்தான். புதிதாக ஒன்று வாங்க வழியில்லை. அதனால்தான், பழைய போர்டிலேயே பொருந்துகிற, இன்னும் வேகமான ப்ராசசர் ஒன்றைத் தெங்கேராவில் ஒரு கடையில் செகண்ட் ஹேண்டாக வாங்கி வந்தான்.

வாங்கி வந்த அன்றே பழையதைக் கழற்றித் துடைத்து வைத்துவிட்டான். அதன் பிறகுதான், சிப்பின்மேல் தடவுகிற பேஸ்ட் வாங்க மறந்துபோனது நினைவுக்கு வந்தது.

மறுநாள் ஆயுத பூஜை. அம்மா அவன் மேசைக்கு வந்தாள். அக்கம்பக்கமாகக் கிடந்த இரண்டு சிப்பையும் பார்த்து, எது எதுடா என்று கேட்டாள். கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் விரலால் காட்டினான். இரண்டையும் தட்டில் வைத்துச் சாமி மேடைக்குக் கொண்டுபோனாள்.

இன்று வெயில் முகத்தில் விழுந்த பிறகே அவனுக்கு விழிப்பு வந்தது. இந்த வாரம் முழுக்க ஏனோ அப்படித்தான். எழுந்ததும் கடைக்கு ஓடிப் பேஸ்ட் வாங்கி வந்தான். புதிய சிப்பின்மேல் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. ஒரு பாக்கெட் டிஷ்யூ தீரும்வரை துடைத்தான். நகம்கூட மஞ்சளானது.

இப்போது கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். உள்ளே என்ன ப்ராசசர் இருக்கிறது என்று அதனிடமே கேட்டுப் பார்த்தான்.

திரையில் பழைய பெயர் வந்தது.

மறுபடியும் அணைத்துப் போட்டான். மறுபடியும் அதே பெயர்.

தன் கையால் கழற்றியது. தன் கையால் மாட்டியது. எழுந்து போனவன் நாற்காலியில் இன்னும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததுபோல் இருந்தது அவனுக்கு. தன் கைகளையே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டான். பிறகு தெங்கேரா கடைக்கார அங்கிள் மேல் சந்தேகம் வந்தது. பழைய சிப்பின் ஜோடியையே புதுசு என்று தலையில் கட்டிவிட்டாரா?

பழையதையும் எடுத்துக்கொண்டு போய்க் கேட்டுவிட வேண்டும்.

சாமி மேடைக்கு வந்தான். தட்டில் நேற்று இருந்தவற்றில் முக்கால்வாசி காணோம். கத்தரிக்கோலும் அரிவாள்மனையும் காலையிலேயே வேலைக்குத் திரும்பிவிட்டன. மோட்டார் சைக்கிள் சாவியை அவனே எடுத்துவிட்டான். ஒரு சிப்பும், நீல நாடாவில் கோத்த அம்மாவின் தொழிற்சாலை அடையாள டேக்கும் மட்டும் வாடிய பூவுக்கு நடுவில் கிடந்தன.

சிப்பை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தான். பொட்டு இல்லாத அதன் முதுகில் எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன.

புதியது.

"மா! பொட்டு எதுக்கு வெச்சீங்க? புதுசுக்கா, பழசுக்கா?"

சமையலறையில் பப்படம் பொரியும் சத்தம் நின்றது.

"பழசுக்குத்தான்டா. நீதானே காட்டுன? இத்தன வருஷமா ஒழைச்சது அதுதானே. புதுசு என்னா செஞ்சிச்சு, அதுக்குள்ள பொட்டு வெக்க?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மோட்டார் வாங்கினால் பொட்டு, ஃபிரிட்ஜ் வாங்கினால் பொட்டு. பொட்டு இருந்தால் புதுசு என்று எண்ணி, எழுத்தைக்கூடப் படிக்காமல், பழையதையே துடைத்துத் துடைத்து மறுபடி மாட்டியிருக்கிறான். பரவாயில்லை. நாலு மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஐந்தாவது இடம் அவனுக்குத்தான்.

போகிற போக்கில் அம்மாவின் டேக்கையும் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று தூக்கினான்.

அதில் இருந்த படத்தில் அம்மாவின் நெற்றியில் சரியாகச் சந்தனமும் அதன்மேல் குங்குமமும் வைக்கப்பட்டிருந்தன. படத்தில் அம்மாவுக்கு முடி முழுக்கக் கறுப்பு. செல்லாத பேங்க் கார்டுபோல, அட்டையின் ஒரு மூலை கத்தரியால் வெட்டப்பட்டிருந்தது.

"மா, டேக்க எடுக்கலையா?"



"அது அங்கேயே இருக்கட்டும்பா."

எண்ணெயில் அடுத்த பப்படம் விழுந்தது.

அம்மா பூஜைக்காக லீவு போட்டிருக்கிறாள் என்றுதான் அவன் நினைத்திருந்தான். பத்து பெரண்டாமில் இருக்கும் அம்மாவின் தொழிற்சாலை பஸ் விடியும் முன்னே வாசலில் வந்து ஹார்ன் அடிக்கும். பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அந்தச் சத்தத்தில்தான் அவனுக்கு விழிப்பு வரும்.

அறையில் மேசைமேல் கிடந்த ஹெட்போன், பூச்சி கத்துவதுபோல அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது.

கவிநேசன் ஒரு கையில் சிப்போடும் மறு கையில் டேக்கோடும் நின்றான். இந்த வாரம் ஒரு நாளாவது அந்த ஹார்ன் கேட்டதா என்று யோசித்துக்கொண்டிருந்தான்.