தேர் ஓடும் கிழமை

அடுத்த இருபது வருடத்துத் தேர்த் தேதிகளையும் குறித்து மின் நிறுவனத்துக்கு அனுப்பிய பிறகுதான், தான் பார்த்தது பிழையான பஞ்சாங்கம் என்று சிறீதரனுக்கு உறைத்தது.

ஜெர்மனியில், முன்பு கொலோனில் அவர் கும்பிட்ட கோயில் திருக்கணிதப் பஞ்சாங்கம். இந்தச் சின்ன நகரத்துக் கோயில் வாக்கியப் பஞ்சாங்கம். சில வருடங்களில் இரண்டுக்கும் நடுவே ஒரு மாதம் கிடக்கும். இங்கே மாறி வந்து எட்டு மாதந்தான். யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

சிறீதரன் நகரசபையின் தெருப் பகுதியில் எழுதுவினைஞர்.

நகரத்துத் தெருக்களின் கீழே கம்பி புதைக்கும் உரிமையை இருபது வருடத்துக்கு மின் நிறுவனத்துக்குக் கொடுக்கும் ஒப்பந்தம் பேச்சில் இருந்தது. முந்நூறு பக்கம். அதற்குள் 'தேர் ஓடும் கிழமை முழுதும் கோயில் தெருவைத் தோண்டக் கூடாது' என்று ஒற்றை வரியை நுழைத்தது அவர்தான். யாரும் அவரை மினக்கெடச் சொல்லவில்லை. கை சும்மா இருக்காத மனிதர்.

நிறுவனத்தின் சட்டத்தரணி மறுமொழி எழுதினார். இருபது வருடத்துக்கும் சரியான தேதி வேண்டும். இல்லையென்றால் வரி போகும்.

வரி போனால், புதுக் கம்பிக்குத் தோண்டிய கிடங்கில் அம்பாளின் தேர்ச் சில்லு இறங்கும். பிழையான தேதியோடு வரி இருந்தாலும் இறங்கும்.

கையெழுத்து இன்றைக்கு மூன்று மணிக்கு.

பதினொரு மணிக்குச் சிறீதரன் கோயில் தலைவர் இளங்கீரனுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"அண்ணை, இந்த வருசத்துத் தேராவது எண்டைக்கு எண்டு ஒரு வார்த்தை சொல்லுங்கோ."

"உது பொதுக்கூட்டத்திலை கதைச்சு எடுக்கவேண்டிய முடிவு, தம்பி. அந்தரப்படாதையும்."

பொதுக்கூட்டம் ஏப்ரலில். இது பெப்ரவரி.

ஐயர், எல்லாம் அம்பாளின் விருப்பம் என்றார். அம்பாளின் தொலைபேசி இலக்கம் ஐயரிடமும் இல்லை.

மனைவி நிருபமா மட்டும் முழுதாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள். "நல்ல வேலை பாத்தியள். கோயிலுக்கு உதவப் போய், இருபது வருசத்துக்குச் சண்டைபிடிக்க நாள் வைச்சுக் குடுத்திருக்கிறியள்."

மூன்று மணிக்கு மேயர் வந்தார். கோப்பி வந்தது. பட்டர் பிஸ்கட் வந்தது. பக்கங்கள் ஒவ்வொன்றாகப் புரண்டன.

இருநூற்றுப் பதினாலாம் பக்கத்தில் சிறீதரன் கை தூக்கினார். பள்ளிக்கூடத்தில்கூட அவர் இப்படித் தூக்கியதில்லை.

தேதிகள் பிழை என்றார். பிழை தன்னுடையது என்றார்.

சரியான தேதி எது என்று மேயர் கேட்டார்.

தெரியாது என்றார் சிறீதரன். ஜெர்மன் மொழியில் அவர் இலக்கணப் பிழையே இல்லாமல் பேசிய வசனம் அது.

சட்டத்தரணி பேனாவைத் திறந்து வரியின்மேல் வைத்தார்.

அப்போதுதான் மேசையின் மறுகோடியில், நிறுவனத்தின் மஞ்சள் ஜாக்கெட்டைக் கழற்றாமல் பிஸ்கட் தின்றுகொண்டிருந்த பெண்மணி வாயைத் துடைத்தார். தெரு வேலைகளுக்குப் பொறுப்பான திருமதி ப்ரான்ட்.

"தேர் ஜூன் இருபத்தெட்டு, ஞாயிற்றுக்கிழமை," என்றார். "வரியை வெட்டினாலும் விட்டாலும் ஒன்றுதான். அதற்கு முந்தின கிழமை முழுக்கத் தோண்ட என்னிடம் ஆள் இல்லை. பதினாலு பேரில் பதினொரு பேர் லீவு. கோயில் தெருவில் ஒரு கிடங்கு விடாமல் மூடிவிட்டுத்தான் போவார்கள். பன்னிரண்டு வருடமாக இதுதான் நடக்கிறது."

பேனா நின்றது.

ஜூன் இருபத்தெட்டு என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று சிறீதரன் மெல்லக் கேட்டார்.

"ஜனவரியிலேயே லீவுப் படிவம் தந்துவிட்டார்களே. முதல் படிவம் எங்கள் ஃபோர்மன் இளங்கீரனுடையது."