வடகரை உடைந்த வழக்கு

சாட்சிக் கூண்டில் ஏறிய குமுதநாத் லாஹிரி, குடையை எங்கே வைப்பது என்று தேடினார். பர்துவான் கோர்ட்டில் அதற்கென்று இடமில்லை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

எதிர்க் கூண்டில் நான்கு குடியானவர்கள். தாமோதர் ஆற்றின் சர்க்கார் கரையை வெட்டி, வெள்ளத்தை வயலுக்குள் விட்டார்கள் என்று வழக்கு. நிரூபணமானால் ஜெயில். நால்வரில் மூத்தவனான ஹாராதன் பாக்தி கொட்டாவி விட்டான்.

குமுதநாத் கல்லூரியில் பௌதிகம் நடத்துபவர். விடுமுறை வந்தால் ஆற்றங்கரையில்தான் கிடப்பார். தாமோதரைப் பற்றி அவருக்குத் தெரியாதது தாமோதருக்கே தெரியாது என்று ஊரில் சொல்வார்கள்.

கரை எழும்பிய பிறகுதான் வண்டல் வயலுக்கு வராமல் போயிற்று, குளங்கள் அழுகின, கொசு பெருகி, வீட்டுக்கு வீடு மலேரியா வந்து படுத்தது. ஆற்று வளைவில் கரையைத் திறந்துவிடுங்கள், மழைக்கால வெள்ளம் வந்து கழுவிக்கொண்டு போகட்டும் என்று வருஷக்கணக்கில் கட்டுரை எழுதினார்.

கரையைக் கட்டிய இலாகாவில் யாரும் படிக்கவில்லை.

இப்போது படித்திருந்தார்கள்.

சர்க்கார் வக்கீல் அகோர் பாபு அதைக் கையில் பிடித்துக்கொண்டு உரக்க வாசித்தார். "'இந்த வளைவில் ஆறு தெற்கே ஒதுங்கி ஓடுகிறது. மனிதன் திறந்தாலொழிய வடகரை உடையாது.' இது நீங்க எழுதினதுதானே?"

"நான்தான் எழுதினேன்."

"அப்போ கரை எப்படி உடைஞ்சுது?"

வெள்ளைக்கார மாஜிஸ்திரேட் பேனாவை எடுத்தார். பின்வரிசையில் இலாகா எஞ்சினியர் துரை காலை நீட்டிக்கொண்டார்.

"ஆறுதான் உடைச்சுது. என் கட்டுரை தப்பு."

"எந்த வரி?"

"எல்லா வரியும்."

கோர்ட்டே சிரித்தது. அதிகம் சிரித்தவர் எஞ்சினியர் துரை. தான் கட்டிய கரை சோப்ளாங்கி என்று சாட்சி சொல்லியிருப்பது, அந்தச் சந்தோஷத்தில் அவருக்கு உறைக்கவில்லை.

கரையை வெட்டியதைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்ல, சுற்றுவட்டாரத்தில் ஒருவரும் முன்வந்திருக்கவில்லை. வங்காளிப் பண்டிதர் ஒருவர் தன் தவறை ஒப்புக்கொண்டு இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, மாஜிஸ்திரேட் நால்வரையும் விடுவித்தார்.

வெளியே வேப்பமரத்தடியில் ஹாராதன் பொரியில் கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்து, பச்சை மிளகாயோடு நீட்டினான். குமுதநாத் ஒரு பிடி எடுத்துக்கொண்டார்.

"மாஸ்டர் பாபு, இனிமே உங்க பேச்சை எந்தத் துரை கேப்பான்?"

"முன்னாடி மட்டும் எவன் கேட்டான்?"

ஹாராதன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"உங்க மண்வெட்டி எங்க வைக்கோல் போருக்குள்ளதான் கிடக்கு. ஆனா ஒண்ணு, அன்னிக்கு நீங்க வெட்டினது ஒரே கோணல். நாங்கதான் நேராக்கினோம்."

"முதல் தடவைப்பா," என்றார் குமுதநாத்.

கார்த்திகை பிறந்ததும் வடகரை ஊர்களில் ஒவ்வொன்றாக நடந்து பார்த்தார். வழக்கமாகப் பாதி ஊர் காய்ச்சலில் போர்த்திக்கொண்டு நடுங்கும் மாதம். அந்த வருஷம் வாசலில் அறுப்புக்கு அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார்கள். குளத்து நீரில் மீன் துள்ளியது.

அவருடைய ஆராய்ச்சியில் சொன்னது சொன்னபடி நடந்தது அது ஒன்றுதான்.

அதை மட்டும் அவரால் எங்கேயும் எழுத முடியவில்லை.