ஒரு மணி நேரப் பரிசோதனை

"உன் வீட்டுத் தண்ணியப் பாருடி. என் காப்பகத்துல ஒரு பிள்ளைக்குக்கூட வயிறு கெடல," என்று வழியெல்லாம் குத்திக்காட்டிக்கொண்டே வந்தாள் அக்கா.

வயிற்றுப்போக்கில் இரத்தமாகப் போய்த் துவண்டிருந்த மகளைத் தோளில் போட்டிருந்தாள் தங்கை. தினமும் அவளை அக்காவின் காப்பகத்தில்தான் விட்டுவிட்டு வேலைக்குப் போவாள். பிள்ளைகளை வைத்துப் பார்க்கிறவளுக்குத் தெரியாததா? தன் கையே மகளுக்கு எமனாகிவிட்டதே என்று நொந்துகொண்டாள்.

ஆய்வக வாசலில் அக்கா தண்ணீர் வாங்க நகர்ந்தாள். ஜன்னலுக்குள் இருந்த ஊழியர் தங்கையிடமிருந்து மலப் பரிசோதனை டப்பாவை வாங்கிக்கொண்டார்.

"முன்ன மாதிரி மூணு நாள் ஆகாதும்மா. ஒரு மணி நேரத்துல என்ன கிருமின்னு தெரிஞ்சிடும். போன் நம்பர்?"

தன் போனில் சார்ஜ் இல்லாததால் தங்கை அக்காவின் எண்ணைச் சொன்னாள். கணினியைப் பார்த்தவர் முகம் கடுத்தது.

"பத்து நாள் முன்ன இதே நம்பர்ல உங்க பையனுக்கும் இதே டெஸ்ட்தானே எடுத்தீங்க? கிருமி இருக்கு, காப்பகத்த உடனே மூடுங்கன்னு போன்லயே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே. இப்ப பொண்ணுக்கும் ஒட்ட வச்சிட்டீங்களா?"

பாட்டிலோடு அக்கா வந்தாள். "ரிசல்ட் வர எவ்வளவு நேரமாகுமாம்?"

தங்கை மகளை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"வந்துடுச்சுக்கா."