பெரிய பாதி

ஆர்டர் வற்றிய தையல்கூடத்தில் எறும்பு தும்மினால்கூட எட்டூருக்குக் கேட்கும். முதலாளி சொன்னபடி, ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பாமல், எல்லோருக்கும் சம்பளத்தைப் பாதியாக்கியிருக்கிறேன். "எனக்கும் பாதிதான்!" என்று காலையில் சூப்பர்வைசரான நான் முழங்கியதில் கூரையே கழன்றிருக்கும். முதலாளி என் சம்பளத்தில் நகக்கண் அளவுகூடக் கிள்ளவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். இப்போது மதிய வெயில், உறை போட்ட இயந்திரங்களின் மேல் சாய்ந்து கிடக்கிறது. பொத்தானுக்குக் காஜா எடுக்கும் பெண் தன் ஒரே அவித்த முட்டையைத் தையல்நூலால் அறுத்து, பெரிய பாதியை என்னிடம் நீட்டுகிறாள். "சாப்பிடுங்கண்ணே. நாலு புள்ளைங்கள வச்சிக்கிட்டு நீங்களும் பாதியில நிக்கிறீங்களே!" "வேணாம்மா, நீ சாப்பிடு." "அட, வெக்கத்தப் பாரு இவருக்கு!" கூடமே சிரிக்கிறது. உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறக்கிறேன்; முட்டை உள்ளே போகிறது.