அடியில் போன படம்

காலைப் பத்திரிகையைப் பிரித்ததும் பக்க வடிவமைப்பாளர் அதைத் தூக்கிக்கொண்டு ஆசிரியரிடம் ஓடினார். கண்ணீர் அஞ்சலி விளம்பரத்தில், அளவு பார்க்க அவர் வைத்திருந்த மாதிரிப் படமே அச்சாகியிருந்தது. குடும்பம் தந்த படம் கணினியில் அதற்கு அடியில் போய் மறைந்துவிட்டது.

"நீயே பேசித் தொலை," என்று போனை நீட்டினார் ஆசிரியர்.

இறந்தவரின் மனைவிதான் எடுத்தாள்.

"மன்னிக்கணும்மா. உங்க விளம்பரத்துல படம் மாறிடுச்சு."

"மாறலையே தம்பி. அச்சு அசலா அவரேதான். வெட்டி, பிரேம் போட்டு மாட்டிட்டோம்."

"இல்லம்மா. அது என்னோட படம்."

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏங்க, நேத்துதான உங்கள அடக்கம் பண்ணோம். எங்கேர்ந்து பேசுறீங்க?"