கப்பலில் போனது யார்?

"தம்பியா, தங்கச்சியா? அத்த மட்டும் பார்த்துச் சொல்லுங்க சார். வேற ஒண்ணும் வாணாம்."

கங்கையா காகிதங்களை மேஜைமேல் வைத்தார். நாகபூஷணம் சித்தூரில் முப்பது வருஷம் பழைய ஆங்கிலக் கையெழுத்துப் பத்திரங்களைப் படித்து நகல் எடுத்தவர். ரிடையரான பிறகும் பட்டா, பத்திரம் என்று அவர் வீட்டுக்கு ஆட்கள் வருவதுண்டு. கப்பல் பட்டியலோடு யாரும் வந்ததில்லை.

"யாரு கொண்டாந்தது இத?"

"இவருதான் சார்," என்றாள் கங்கையாவின் மகள் கலைவாணி. "பேரு குணா. சவுத் ஆப்பிரிக்காவுல டர்பன். ஸ்ரீசிட்டில எங்க கம்பெனிக்கு வந்திருக்காரு. இவங்க முன்னோருல ஒருத்தர் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல்ல போனவரு. பட்டியல்ல இருக்கிற ஊரு எங்க ஊரு. தகப்பன் பேரு முனியன். எங்க வம்சத்துலயும் மூத்தவரு முனியன்தான்."

"முனியனுக்கு ரெண்டு புள்ளைங்க சார்," என்றார் கங்கையா. "ஒரு ஆம்பளப் புள்ள ஊர்லயே இருந்துட்டாரு. அவரு வழிதான் நாங்க. சின்னது கப்பல் ஏறிப் போயிடுச்சின்னு மட்டும் சொல்லுவாங்க."

நாகபூஷணம் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார்.

"சின்னான்னு எழுதியிருக்கான். சின்னானா, சின்னம்மாவா? வெள்ளைக்காரன் காதுல விழுந்தத எழுதிட்டான். ஆணா பெண்ணான்னு எழுதற கட்டத்துல மை கொட்டிக் கெடக்கு."

"அதான் சார் ஒரு மாசமா தூக்கமில்ல."

நாகபூஷணம் நிமிர்ந்தார். "நூத்தி முப்பது வருஷம் ஆச்சி. யாரா இருந்தா என்ன? சொந்தம் சொந்தம்தானே. நெலத்துல பங்கு கேப்பாருன்னு பயப்படறியா?"

"எங்களுக்கு ஏது சார் நெலம்? எங்க நைனா காலத்துல கவர்மெண்டு குடுத்த ஒரு ஏக்கரா. வேணும்னா அத்த இவரே எடுத்துக்கட்டும். போனது யாருன்னு எங்களுக்குத் தெரிஞ்சாவணும்."

குணா குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தான். கலைவாணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நாகபூஷணம் கடைசிக் காகிதத்தை எடுத்தார். "இத யாரும் படிக்கலியா?"

"கையெழுத்து புரியல சார்," என்றான் குணா, தமிழைத் தேடித் தேடி.

"கப்பல் டாக்டர் எழுதினது. வழியில செத்தவங்க, பொறந்தவங்க..." அவர் விரல் ஒரு வரியில் நின்றது. "ஆகண்டி, ஆகண்டி... கொஞ்சம் இருங்க. ஒரு ஆண் குழந்தை. நடுக்கடல்ல பொறந்திருக்கு. தாய் பேரு போடல, நம்பர் மட்டும் போட்டிருக்கான்."

முதல் காகிதத்தை இழுத்துப் பக்கத்தில் வைத்தார். ஒவ்வொரு எண்ணாக வாய்க்குள் படித்தார். பிறகு கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"சின்னாவோட நம்பர். ஆம்பளைக்கு எங்கய்யா புள்ள பொறக்கும்? போனது தங்கச்சிதான்."

குணா எழுந்து நின்றுவிட்டான். "சார், எங்க வீட்ல எல்லார் பேருக்குப் பின்னாலயும் 'சமுத்திரம்'னு இருக்கு. ஏன்னு யாருக்கும் தெரியாது."

"இப்ப தெரிஞ்சுதா? அந்தக் குழந்தைக்குத் தாய் வெச்ச பேரா இருக்கும்."

கலைவாணி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று நாகபூஷணத்துக்குப் புரியவில்லை.

கங்கையா அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, போனை அழுத்தி மனைவியைக் கூப்பிட்டார்.

"லட்சுமம்மா, பங்காளி இல்ல, அத்தை வழிதான். வாணாம்னு திருப்பி அனுப்பின பந்தல்காரன வரச் சொல்லு. நான் மாப்பிள்ளையக் கூட்டிக்கினு வரேன்."